எலிக்காரி என் மருமகள்

எங்கள் தெருவில் என் மருமகளுக்கு எலிக்காரி என்று பெயர். வைத்தவள் எதிர்வீட்டுத் தையல்காரி. வாய்க்கொழுப்பில் வைத்தாள். முதலில் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். துணி தைக்கிறவள் தையல்காரி, பால் ஊற்றுகிறவன் பால்காரன், எலி வளர்க்கிறவள் எலிக்காரி. இதில் தலை குனிய என்ன இருக்கிறது? அன்றிலிருந்து நானும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டேன். "எங்க எலிக்காரி வேலைக்குக் கிளம்பிட்டா" என்று தையல்காரியின் முகத்துக்கு நேராகவே சொல்வேன். அவளுக்குச் சப்பென்று போய்விட்டது.

எனக்கு எழுத்து வாசனை கிடையாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். இந்தக் கதையில் அவளும் வருகிறாள் என்பதால் நடுநடுவே பேனாவை நிறுத்திவிட்டு, "பாட்டி, இது வேணாம்" என்பாள். நான் விடுகிற ஆள் இல்லை. சொன்னதை எழுது என்பேன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுதுவாள்.

என் மகன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். மருத்துவமனையில் லிஃப்ட் நின்றுபோன ஒரு நாளில், உள்ளே மாட்டிக்கொண்டிருந்த சலவைக்கூடத்துப் பெண்ணை வெளியே எடுத்தான். அவளையே கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றான். "பழுது பார்க்கப் போனவன் பொண்ணு பார்த்துட்டு வந்திருக்கான்" என்று ஊரே சிரித்தது. வந்தவள் பேச்சே இல்லாதவள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. எனக்கோ வாய் மூடாது. வீட்டில் இரண்டு பேருக்குமான பேச்சை நான் ஒருத்தியே பேசினேன். அவள் போர்வை மடிப்பதுபோல என் பேச்சையெல்லாம் ஓசைப்படாமல் மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பேத்தி நாள் கூடாமலே பிறந்துவிட்டாள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். எடுத்த கையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். பக்கவாட்டில் இரண்டு வட்ட ஓட்டை. தாய் கையைக் கழுவிவிட்டு, அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டுத்தான் தொடலாம். மற்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காவலாளியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நோய் தொற்றக் கூடாது என்று குழந்தைக்கு மருந்துக்குமேல் மருந்து போனது. என் மருமகள் காலையில் பெட்டிக்குள் விட்ட கையை மாலையில்தான் எடுப்பாள். அங்கிருந்த நர்ஸ், "சும்மா தொட்டுட்டே இருக்காதீங்கம்மா, ஏதாவது பேசுங்க, குரல் பழகட்டும்" என்றாளாம். பேச்சே வராதவள் பெட்டியிடம் என்ன பேசுவாள் என்று நான் அப்போதே கவலைப்பட்டேன்.

குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்தாள். நன்றாகவே வளர்ந்தாள். அவள் நடக்கத் தொடங்கிய பிறகு மருமகளுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. முதலில் கீழ்த்தளத்தில் எலிக்கூண்டு கழுவுகிற வேலை. பிறகு ஒருநாள் மேல்தளத்துக்கு ஆள் தேடினார்கள். ஓட்டை வழியாகக் கையை விட்டு, தடித்த கையுறைக்குள் விரலை வைத்துக்கொண்டு, கட்டைவிரல் அளவு உயிரைத் தூக்க வேண்டும். படித்த பிள்ளைகள் பலர் முயன்று பார்த்தார்கள். ஒன்று நழுவவிட்டார்கள், இல்லையென்றால் நசுக்கிவிடுவோமோ என்று பயந்து பின்வாங்கினார்கள். இவள் போய்க் கையை விட்டாள். எலி அவள் உள்ளங்கையில் உட்கார்ந்து முகம் கழுவியதாம். "எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டதற்கு, "என் பொண்ணுகிட்ட" என்றாளாம்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே போவதற்குமுன் குளிக்க வேண்டும். வாசனை சோப்பு ஆகாது, பவுடர் ஆகாது. தலையிலிருந்து கால்வரை அவர்கள் கொடுக்கிற உடுப்பு. அறைக்குள் வரிசையாக, ஒரு கட்டில் அளவுக்குப் பெரிய பிளாஸ்டிக் குமிழிகள். எந்நேரமும் காற்று ஊதிக்கொண்டே இருப்பதால் உப்பலாக நிற்கும். உள்ளே போகும் காற்றை வடிகட்டித்தான் விடுகிறார்கள். தீனி, தண்ணீர், மரச்சீவல் எல்லாம் ஆவியில் வேகவைத்த பிறகே உள்ளே போகும். ஒவ்வொரு குமிழியின் சுவரிலும் நீளமான கையுறைகள் உள்பக்கமாகத் தொங்கும். வெளியே நின்றுகொண்டு அதற்குள் கையை விட்டு வேலை செய்ய வேண்டும். துடைக்கிற மருந்துக்குப் புளித்த வினிகர் நாற்றம். எத்தனை குளித்தாலும் போகாது. அவள் தெருமுனையில் திரும்பும்போதே எனக்கு வீட்டுக்குள் தெரிந்துவிடும்.

"எதுக்குடி இந்தப் பாடு?" என்று ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன்.

"கிருமியே இல்லாத எலி, அத்தை. உடம்புக்கு வெளியிலயும் இல்ல, குடலுக்குள்ளயும் இல்ல."

"கொடுத்து வெச்ச எலி. நம்ம வீட்டு எலிய விட நல்லாத்தான் வாழுது."

"அதான் இல்ல அத்தை. நம்ம குடலுக்குள்ள கோடி கோடியா கிருமி குடியிருக்கு."

"குடியிருக்கட்டும். வாடகை குடுக்குதா?"

"குடுக்குதே! நமக்குச் செரிக்காதத அது தின்னு, அதுல இருந்து என்னென்னமோ செஞ்சு ரத்தத்துல விடுது. குடல்ல இருந்து மூளைக்கு ஒரு நரம்பு போகுதாம். அது வழியாவும் சேதி போகுதாம். சின்னதுல மூளை வளர்றப்ப அந்தச் சேதியும் வேணும்னு எங்க டாக்டரம்மா சொல்றாங்க. அது கிடைக்காத எலி வேற மாதிரி ஆயிடுது."

"வயித்துல இருக்கறது தலைக்குச் சேதி சொல்லுமா? யாரு காதுல பூ சுத்தற?"

"பசிச்சா உங்களுக்கு எப்படிக் கோவம் வருது அத்தை?"

நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டேன்.

டாக்டரம்மா என்கிறவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. எலியின் வயிற்றையும் தலையையும் பற்றிப் படித்து டாக்டர் ஆனவர். எலிக்குப் பயம் இருக்கிறதா என்று பார்க்க அவர் ஒரு பலகை வைத்திருந்தார். உயரத்தில் கூட்டல் குறி போல நாலு பக்கம் நீளும். இரண்டு பக்கத்துக்குச் சுவர் உண்டு, இரண்டு பக்கம் வெட்டவெளி. சாதாரண எலியை நடுவில் விட்டால் சுவரோரமாகப் பதுங்கிக்கொள்ளும். கிருமி இல்லாமல் வளர்ந்த எலியோ வெட்டவெளியில் விளிம்புவரை போய் எட்டிப் பார்க்கும். பக்கத்தில் இன்னொரு எலி இருந்தாலும் பெரிதாகச் சட்டை செய்யாது.

"தைரியசாலிதானே, பாராட்டுங்களேன்" என்றேன்.

"தைரியம் இல்ல அத்தை. பயம் சரியா முளைக்கல. வெளியில விட்டா பூனைக்குத் தட்டுல வெச்ச மாதிரி."

இங்கேதான் என் பேத்தி கதைக்குள் வருகிறாள். எழுதுடி.

நாலு வயதில் இவளுக்குப் பயம் என்பதே கிடையாது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நடப்பாள். தெருநாய் எலும்பு கடித்துக்கொண்டிருந்தால் அதன் வாயிலிருந்து பிடுங்குவாள். ஒருமுறை பலூன்காரன் பின்னாலேயே பெரிய சாலைவரை போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தையல்காரிதான் தூக்கிக்கொண்டு வந்தாள். "உங்க வீட்டுச் சிங்கக்குட்டிக்குக் கயிறு போடுங்க" என்று சொல்லி இறக்கிவிட்டாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். இவளுடைய தாத்தா அப்படி. வெள்ளத்தில் கூரைமேல் உட்கார்ந்து பாட்டுப் பாடிய மனிதர்.

ஆனால் கைப்பிடிச் சுவரின்மேல் இவள் நடந்ததை என் மருமகள் பார்த்த அன்று, அவள் முகம் வெளுத்துப்போனது. மெதுவாகப் பின்னால் போய் இறுகப் பிடித்து இறக்கினாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, விளிம்புல நின்னு எட்டிப் பார்த்தா பாருங்க. எங்க குமிழி எலி அப்படித்தான் பார்க்கும்."

"ஏய், என் பேத்திய எலியோட சேர்க்காத!"

"பொறந்த உடனே பெட்டிக்குள்ள போயிட்டாளே. எம்மேல படவே இல்லையே. அத்தன மருந்து வேற. நல்ல கிருமியும் சேர்ந்து செத்திருக்குமே."

"மருந்து இல்லேன்னா பொண்ணே இல்ல. போய் வேலையப் பாரு."

நான் அதட்டிவிட்டேனே தவிர, அவள் மனதிலிருந்து அது போகவில்லை. வேலையிடத்தில் கிருமியின் வாடையே ஆகாது என்று துடைக்கிறவள், வீட்டில் தலைகீழ். குழந்தை மண்ணில் புரண்டால் விடுவாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு ஒரே தட்டில் சாப்பிட்டால் விடுவாள். நான் துடைப்பமும் பினாயிலுமாகக் கிளம்பினால் வாளியைப் பிடுங்கி வைப்பாள். இந்தப் பினாயில் சண்டை எங்கள் வீட்டில் வெகுகாலம் நடந்தது. நான் இன்னும் தோற்கவில்லை.

டாக்டரம்மாவிடமும் கேட்டிருக்கிறாள். அவர் இவளை உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னாராம். "எலிகிட்ட பார்த்தத வெச்சு உங்க குழந்தையப் பத்திச் சொல்ல முடியாது. உங்க குழந்தை குமிழியில வளரல. பால் குடிச்சா, உங்க கையில வளர்ந்தா. குழந்தைங்கள்ல சிலது துறுதுறுன்னுதான் இருக்கும்." இவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "மேடம், கிருமி இல்லாம வளர்ந்த எலிக்கு அப்புறமா கிருமி குடுத்தா பயம் வருமா?" டாக்டரம்மா சிரித்தாராம். அவர் அடுத்துச் செய்யவிருந்த வேலையே அதுதான். குட்டிகளில் பாதிக்குச் சின்னதிலேயே கிருமி கொடுப்பது. மீதிப் பாதிக்கு வளர்ந்த பிறகு கொடுப்பது. பிறகு இரண்டையும் பலகையில் விட்டுப் பார்ப்பது. அன்றிலிருந்து அந்த வேலை டாக்டரம்மாவுக்கு எத்தனை முக்கியமோ, அதைவிட ஒருபடி மேலாக என் மருமகளுக்கு முக்கியமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் இடி விழுந்தது. கறுப்பு எலிகள் இருந்த குமிழியில் ஒரு கையுறை, விரல் மடங்குகிற இடத்தில் ஊசிமுனை அளவு விட்டுப்போயிருந்தது. யாரையும் சொல்லிக் குற்றமில்லை, ரப்பர் பழசானால் விடத்தான் செய்யும். சோதனைக்கு எடுத்த எச்சத்தில் பூஞ்சை முளைத்துவிட்டது. கிருமி இல்லாத கறுப்பு எலி வம்சம் அத்தோடு முடிந்தது. டாக்டரம்மாவின் வேலைக்கு அந்தக் கறுப்புதான் வேண்டும். மிச்சம் இருந்தது இன்னொரு குமிழியில் இருந்த வெள்ளை எலிகள் மட்டும்.

ஒரே வழிதான் இருந்தது. தாயின் கருப்பைக்குள் இருக்கும்வரை குட்டிக்குக் கிருமி ஒட்டாது. பிரசவத்துக்கு முந்திய வேளையில், வெளியே வளர்ந்த சாதாரணக் கறுப்பு எலி ஒன்றிடமிருந்து கருப்பையை அப்படியே எடுத்து, மருந்துத் தொட்டிக்குள் முக்கி, தொட்டியின் மறுபக்கம் வழியாகக் குமிழிக்குள் ஏற்ற வேண்டும். அங்கே அதைத் திறந்து குட்டிகளை எடுத்து மூச்சுவிட வைத்து, அப்போதுதான் ஈன்ற வெள்ளை எலி ஒன்றிடம் வளர்க்கக் கொடுக்க வேண்டும். கறுப்புத்தாய் பிழைக்காது. அதை நான் சுற்றிவளைத்துச் சொல்லப்போவதில்லை. அதற்காக என் மருமகள் அன்று காலையில் சாப்பிடாமல்தான் போனாள்.

வெள்ளையில் சரியான நேரத்தில் ஈன்றிருந்தது ஒருத்திதான். அவள் மற்றவள் பிள்ளையை ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் குட்டிகள் செத்துவிடும், அல்லது அவளே தின்றுவிடுவாள். டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய காலமும் முடியப்போகிறது. இந்த முறை தவறினால் அறையை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவார்கள், கேள்வி கேள்வியாகவே நின்றுவிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், முந்தைய வாரம் முழுவதும் அவள் வீட்டில் இதைத்தான் பேசினாள். பேசாதவள் பேசினாள் என்பதிலிருந்தே அதன் கனம் எனக்குப் புரிந்தது.

அன்று பதற்றத்தில் மூக்குக்கண்ணாடியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். டாக்டரம்மா போன் செய்தார். பேத்தியைத் தையல்காரியிடம் ஒப்படைத்துவிட்டு நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதைத் துடைத்து உள்ளே அனுப்பிய பிறகு டாக்டரம்மா என்னைப் பார்த்து, "இருந்து பாருங்கம்மா, இந்த ஜன்னல் வழியா தெரியும்" என்றார். தாழ்வாரத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல். உள்ளே நடக்கும் பேச்சு வெளியே கேட்க ஒரு ஒலிபெருக்கி. என்னைத் தவிர நிலையத்துப் பெரிய அதிகாரிகளும் கைகட்டி நின்றிருந்தார்கள்.

என் மருமகள் குமிழியின் பக்கத்தில் தோள்வரை கையை விட்டு நின்றிருந்தாள். மருந்துத் தொட்டியிலிருந்து ஒரு சிறிய பை மேலே வந்தது. அவரைக்காய் அளவு. அதை விரலால் பிரித்தாள். ஒவ்வொரு குட்டியாக எடுத்துப் பஞ்சால் மூக்கைத் துடைத்து, முதுகைத் தேய்த்தாள். நீலமாக இருந்தது சிவந்தது. சிவந்தது வாயைத் திறந்தது. ஒன்று மட்டும் கடைசிவரை சிவக்கவில்லை. அதை ஓரமாக, மெதுவாக வைத்தாள். தடித்த ரப்பருக்குள் இருக்கிற விரல்கள் அவை. நான் அவளிடம் எத்தனையோ முறை, "பாத்திரத்த நழுவ விடாத" என்று சொன்னவள். அன்று வாயைத் திறக்கவில்லை.

குட்டிகளை, நான் வெள்ளைக்காரி என்று பெயர் வைத்த அந்த வெள்ளை எலியின் கூட்டில், அவளுடைய குட்டிகளோடு கலந்து வைத்தாள். கறுப்புக்குப் பிறக்கும்போதே கண் இருக்கும் இடத்தில் தோலுக்கடியில் கறுப்புப் பொட்டு தெரியும், வெள்ளைக்குத் தெரியாது. அதுதான் அடையாளம். வெள்ளைக்காரி வந்தாள். முகர்ந்தாள். எதிர்மூலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து தன் குட்டி ஒன்றை வாயில் கவ்வி மூலைக்கு எடுத்துப் போனாள். பிறகு இன்னொன்று. பொட்டு வைத்ததுகள் மட்டும் குளிரில் கிடந்து நெளிந்தன.

என் மருமகள் அசையாமல் நின்றாள். ஒலிபெருக்கியில் காற்று ஊதும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை.

டாக்டரம்மா உள்ளே கேட்கும்படி ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தி, "என்னாச்சு? இன்னிக்கு ஏன் வாயே திறக்கல? எப்பவும் பேசிட்டேதானே இருப்பீங்க?" என்றார்.

உள்ளிருந்து மெதுவாக வந்தது குரல். "எல்லாரும் நிக்கறாங்க மேடம்."

"நின்னா?"

"வெளியில கேக்கும்."

"கேக்கட்டும். உங்க குரலுக்குப் பழகின எலிங்க. சத்தமே இல்லாம கை மட்டும் வந்தா அதுக்கு நீங்க யாருன்னு எப்படித் தெரியும்?"

என் மருமகள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அதிகாரிகளைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் அவள் காது சிவந்தது. எனக்கு ஏன் என்று புரியவில்லை. கண்ணை மூடித் திறந்தாள். பிறகு தொடங்கினாள் பாருங்கள்.

"ஏண்டி மகாராணி! மூலையில போய் உக்காந்துட்டா ஆச்சா? உன் வேலைய யாரு பார்ப்பா, உங்க அப்பனா? எந்திரி. எந்திரிங்கறேன்! பெத்தது மட்டும் உன்னுது, வந்தது ஊரான்வீட்டுதா? வீடுன்னா வந்ததையும் சேர்த்துதான் பார்க்கணும். நாலு பேர் நிக்கறாங்கன்னு நடிக்காத. உன் நடிப்பெல்லாம் எனக்குத் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது என் குரல். ஏற்ற இறக்கம், இழுப்பு, "எந்திரிங்கறேன்" என்று கடைசியில் வைக்கிற வெட்டு, எல்லாம் என்னுடையது. அந்த 'மகாராணி'யும் நான் அவளுக்கு வைத்த பெயர்தான். கைகட்டி நின்ற அதிகாரி ஒருவர் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டார். டாக்டரம்மா என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "நான் இப்படியெல்லாம் பேசறதில்ல" என்றேன். யாரும் நம்பவில்லை.

ஆனால் வாய் ஓடத் தொடங்கியதும் கையும் ஓடியது. அதுவரை கட்டை மாதிரி நின்ற கை. திட்டிக்கொண்டே வெள்ளைக்காரி படுத்திருந்த மரச்சீவலை ஒரு பிடி அள்ளினாள். பொட்டு வைத்த குட்டிகளை அதில் புரட்டினாள், மூலைக் கூட்டுக்குள் தள்ளினாள். "இந்தா, பிடி. முகத்தத் திருப்பாத. பசிச்சா எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிதான் அழும்." வெள்ளைக்காரி கையுறையை முகர்ந்தாள். குரல் வந்த பக்கம் காதைத் திருப்பினாள். பிறகு பொட்டு வைத்த ஒன்றைப் புரட்டி நக்கினாள்.

என் மருமகள் பேசிக்கொண்டே இருந்தாள். தண்ணீர்ப் புட்டியைத் துடைத்துக்கொண்டே, தீனியைச் சரிசெய்துகொண்டே, வழக்கமான நாள் போல. அதிகாரிகள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நான் நின்றேன். எனக்கு நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.

பிற்பகலில் அவள் ஒரு குட்டியை உள்ளங்கையில் எடுத்து, குமிழியின் சுவரை ஒட்டி, என் பக்கமாக உயர்த்திக் காட்டினாள். பிறந்த எலிக்குட்டியின் தோல் கண்ணாடிக் காகிதம் மாதிரி. உள்ளே இருப்பது தெரியும். கண்ணில் கறுப்புப் பொட்டு. வயிற்றில் வெள்ளையாக, அரிசி அளவு, பால். வெள்ளைக்காரி கொடுத்த பால்.

"குடிச்சிருக்கு அத்தை" என்றாள் ஒலிபெருக்கியில்.

என் காலம் முழுக்க நான் பல பேர் மெச்சப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த அரிசி அளவு வெள்ளைக்கு முன்னால் அதெல்லாம் எனக்குத் தூசு.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏண்டி, எலிகிட்டப் போய் என் மானத்த வாங்கறியா?"

தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தாள். "பாப்பா பெட்டியில இருந்தப்ப பேசச் சொன்னாங்க அத்தை. எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. நீங்க வீட்டுல பேசறதயே பேசினேன். அதுவே பழகிப்போச்சு."

"நான் நல்லதா ஒண்ணுகூடப் பேசினதில்லையா?"

"பேசியிருக்கீங்களே. அதையும் சொல்லிப் பார்த்தேன். அதுக்குப் பாப்பா அசையல. திட்டினாத்தான் கைய நீட்டினா."

டாக்டரம்மா இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. குரலால்தான் எலி ஏற்றுக்கொண்டது என்று ஒரே ஒரு எலியை வைத்துச் சொல்ல முடியாதாம். மரச்சீவல் வாசனையாக இருக்கலாமாம், நேரமாக இருக்கலாமாம். படித்தவர், சொல்லட்டும். நான் ஜன்னலில் நின்றவள்.

குட்டிகள் வளர்ந்தன. சொன்னபடியே பாதிக்குச் சின்னதிலேயே கிருமி கொடுத்தார்கள், பாதிக்கு வளர்ந்த பிறகு. நேரம் வந்தபோது பலகையில் விட்டார்கள். சின்னதிலேயே வாங்கியவை மற்ற எலிகளைப்போலச் சுவரோரம் பதுங்கின. பிந்தி வாங்கியவை முக்கால்வாசி விளிம்புக்கே போயின. காலம் தவறினால் கடினம்தான் என்றது பலகை. டாக்டரம்மாவுக்கு அது பெரிய செய்தி. பெரிய கூட்டத்தில் போய்ப் பேசினார். என் மருமகளையும் எழுப்பி நிறுத்தி, "இந்தக் கை இல்லேன்னா இந்தக் குட்டிங்க இல்ல" என்றார். அவள் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு விளக்குப் போடாமல் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குத் தெரியும், அவள் எந்தக் கணக்கைப் போடுகிறாள் என்று.

"ஏண்டி, எலிக்கு வாரம் நமக்கு வருஷம். அந்த எலிங்க வளர்ந்து ஆளாகற வரைக்கும் கிருமியே பார்க்கல. நம்ம பாப்பா அப்படியா? பெட்டிய விட்டு வந்த அன்னிக்கே உன் கைய நக்கினா. டாக்டரம்மாவே சேர்க்காதன்னு சொல்லியும் நீ ஏன் சேர்க்கற?"

"சேர்க்கல அத்தை. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கறேன். அவ்வளவுதான்."

பிடிவாதத்தில் என்னையே மிஞ்சிவிட்டாள்.

இந்த இடத்தில் பேத்தி பேனாவை வைத்துவிட்டாள். எடுடி. இதுதான் முக்கியம்.

அடுத்த மழைக்காலம். சாயங்காலம். மருமகள் வேலை முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் பேத்தி தட்டுக்காகக் கையை நீட்டினாள். அலமாரியிலிருந்து ஒரு கரப்பான் பூச்சி பறந்து வந்து அவள் தோளில் உட்கார்ந்தது. வீடே அதிரும்படி ஒரு அலறல். நாயின் வாயில் கையை விட்டவள், கைப்பிடிச் சுவரில் நடந்தவள், ஓடிவந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நடுங்கினாள். "பாட்டி, எடு, எடு, பயமா இருக்கு!"

குளியலறைக் கதவு திறந்தது. தலையெல்லாம் சோப்பு நுரையோடு என் மருமகள் நின்றாள். கரப்பானைப் பார்த்தாள். என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். "என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு" என்றாள். குழந்தை அழுதுகொண்டே, "பயமா இருக்குமா" என்றாள். அவ்வளவுதான், நுரையோடு நுரையாக அவளைத் தூக்கிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "பயந்துட்டா அத்தை! பயந்துட்டா!"

கிருமி செய்ததா, வயது செய்ததா, கரப்பான் செய்ததா, நான் சொல்லமாட்டேன். டாக்டரம்மா காதில் விழுந்தால் சண்டைக்கு வருவார்.

அலறல் கேட்டு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "என்ன சத்தம்? யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் தையல்காரி.

"ஒண்ணும் இல்ல. எலிக்காரி பொண்ணு கரப்பானுக்குப் பயந்துட்டா!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"இத என்னமோ பரிசு வாங்கின மாதிரி சொல்றீங்க?"

"ஆமா. எங்க வீட்டுல அப்படித்தான்."